போரில் வென்றது வீரமா, விதியா, துப்பாக்கியா?

யுத்த சரித்திரம் எழுதுகிற பண்டிதர்களிடத்தில் ஒரு விநோதமான வழக்கம் வெகுகாலமாய் இருந்து வருகிறது. அதென்னவென்றால், ஒரு தேசம் ஜெயித்துவிட்டால் அத்தேசத்தாரின் வீரமே வீரம் என்றும், அந்த அரசனுடைய பக்தியே பக்தி என்றும் எழுதிவிடுவதும், தோற்றுவிட்டால் காலம் சரியில்லை, விதி என்று எழுதி மூடிவிடுவதுமேயாகும். செத்துப்போன சிப்பாயின் கையில் இருந்த ஆயுதம் எப்படிப்பட்டது, அதை அவன் கையில் கொடுத்தவன் யார், அதைவிட மேலான ஆயுதம் ஒன்று இருக்கிறதென்று கொடுத்தவனுக்குத் தெரியுமா தெரியாதா, தெரிந்தும் ஏன் கொடுக்கவில்லை என்கின்ற கேள்விகளை மாத்திரம் அவர்கள் கேட்பதேயில்லை. ஆதலால் அவைகளை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் யுத்தத்தைப் புகழ வரவில்லை. மனிதனை மனிதன் கொல்லுவதற்கு விரைவான வழி கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமேயில்லை. ஆனால் பழைய வழக்கம், பெரியவர்கள் வாக்கு, மேலதிகாரியின் கௌரவம் என்பவைகள், கண்ணெதிரே ருசுப்பிக்கப்பட்ட ஒரு உண்மையை எத்தனை காலத்துக்குத் தடுத்து வைக்கக்கூடும் என்பதையும், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் காட்டுவதற்கு, பின்பக்கத்தில் தோட்டா போடும் துப்பாக்கியின் கதையைப்போல் கணக்கோடு கூடிய சாட்சி கிடைப்பது அரிது.

முதலாவது, விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்ளுவோம். பழைய துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகவே போக வேண்டும். சிப்பாய் எழுந்து நிற்க வேண்டும். கட்டையைத் தரையில் ஊன்ற வேண்டும். காகிதத் தோட்டாவைக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். குண்டைப் போட வேண்டும். நீளமான கம்பியை உருவி இடித்துக் கெட்டிக்க வேண்டும். கம்பியைத் திரும்ப அதன் இடத்தில் செருக வேண்டும். பிறகுதான் குறி பார்த்துச் சுட வேண்டும். பழகின கைக்கு நிமிஷத்துக்கு இரண்டு அல்லது மூன்று வெடி. குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டின ரைபிளாய் இருந்தால், குண்டு அப்பள்ளங்களைக் கவ்விக்கொண்டு இறங்க வேண்டியிருந்ததால், மினியே என்கின்ற பிரெஞ்சுக்காரரின் குண்டு 1849-ல் வருகிறவரை இன்னும் அதிகத் தாமதம். இவ்வளவு வேலையையும் அவன் செய்ய வேண்டியது எங்கே? எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, அவனுக்கெதிரே நிமிர்ந்து நின்றுகொண்டு!

பின்பக்கம் திறக்கும் துப்பாக்கிக்கோ இவ்வளவு சடங்கு இல்லை. குழலின் பின்புறத்தைத் திறந்து, தோட்டாவை வைத்து, மூடினால் தீர்ந்தது. படுத்துக்கொண்டும் செய்யலாம், மரத்துக்குப் பின்னாலும் வரப்புக்குப் பின்னாலும் மறைந்திருந்தும் செய்யலாம். ஆகவே இது வேகத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமல்ல. சிப்பாய் உயிர் பிழைப்பதைப் பற்றிய விஷயமுமாகும்.

இந்த உண்மை எப்போது வெளியாயிற்று? 1866-ல் அல்ல. பாட்ரிக் பெர்குசன் என்கின்ற ஸ்காட்லாந்து தேசத்து இராணுவ உத்தியோகஸ்தர், முன்னிருந்த ஒரு பிரெஞ்சு அமைப்பைச் சீர்திருத்தி, விசைக்காப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே வழி திறந்துகொள்ளும்படியான ரைபிள் ஒன்றைச் செய்து, 1776-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வுல்விச்சில் பெரிய அதிகாரிகளின் முன்னிலையில் சுட்டுக் காட்டினார். அன்று காற்றும் மழையுமாக இருந்தது. அப்படியிருந்தும் 200 கஜ தூரத்துக் குறியை நிமிஷத்துக்கு நான்கு தரம் சுட்டார். ஒரு நிமிஷத்தில் ஆறு தரமும் சுட்டார். நடந்துகொண்டே சுட்டார். மல்லாந்து படுத்துக்கொண்டும் சுட்டார். கெட்டித்திருந்த துப்பாக்கிக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு, அரை நிமிஷத்துக்குள் சரிசெய்து மறுபடியும் சுட்டார். இவ்வளவுக்கும் குறி தவறினது மூன்றே தரம்.

இதைவிட ருசு என்ன வேண்டும்? ஆனால் நடந்ததென்ன? சுமார் 100 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஒரு சிறு படை அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 1777 செப்டம்பரில் பிராண்டிவைன் சண்டையில் பெர்குசனின் வலது முழங்கை குண்டு பட்டு நொறுங்கினவுடன், அவருடைய படை கலைக்கப்பட்டது. 1780-ல் அவரும் சண்டையில் மடிந்தார். இங்கிலாந்து தன் காலாட்படைக்குப் பொதுவாகப் பின்பக்கத் துப்பாக்கி கொடுத்தது எப்போது தெரியுமா? 1866-ல். அதாவது சுட்டுக் காட்டின 90 வருஷத்துக்குப் பிறகு. தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சிப்பாய்கள் நிமிர்ந்து நின்று கம்பியால் இடித்துக்கொண்டே செத்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டியதே. புது முறைக்கு மெய்யாகவே ஒரு குறை இருந்தது. பின்பக்கம் திறந்து மூடுகிறதாகையால், அந்தச் சந்தின் வழியாய் நெருப்பும் புகையும் கசிந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்கும். அமெரிக்காவில் ஜான் ஹால் என்பவர் 1811-ல் பேடண்டு உரிமை பெற்று, 1819-ல் அந்நாட்டு இராணுவம் ஒப்புக்கொண்ட ரைபிளிலும் இக்குறை இருந்தது. திருகுகளை அவ்வளவு நுட்பமாகக் கடைய அக்காலத்துப் பட்டறைகளுக்குச் செலவும் அதிகம். இவைகள் யோக்கியமான ஆட்சேபணைகள். இப்படிப்பட்ட ஆட்சேபணை, கைத்தொழிலாளியைப் பார்த்து, "இதைச் சரிசெய்துகொண்டு வா" என்று சொல்லும். அவனும் சரிசெய்துகொண்டு வருவான். அப்படியே வந்தான். பாரீஸில் இருந்த பாலி என்கின்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1812-லேயே அடியில் உலோகம் வைத்த தோட்டாவைச் செய்தார். பின்னால் வந்த உலோகத் தோட்டா, வெடிக்கும்போது விரிந்து குழலோடு ஒட்டிக்கொண்டு சந்தைத் தானே அடைத்துவிட்டது. கசிவு தீர்ந்தது.

ஆனால் இன்னொரு வகை ஆட்சேபணையும் இருந்தது. "சிப்பாய் வேகமாய்ச் சுட்டால் மருந்தையும் குண்டையும் விரயம் செய்துவிடுவான்"; "தூரத்தில் நின்று சுடுகிறவனுக்கு ஈட்டியோடு பாய்கிற தைரியம் போய்விடும்"; "இதுவரையில் நாம் ஜெயிக்கவில்லையா?" என்பவைகளே அவை. இந்த ஆட்சேபணையைத் தீர்க்க எந்தக் கொல்லனாலும் முடியாது. ஏனென்றால் இது துப்பாக்கியைப் பற்றியதல்ல, சிப்பாயைப் பற்றியது. அவன் புத்தியில்லாதவன், அவன் கையில் சௌகரியம் கொடுத்தால் கெட்டுப்போவான் என்கின்ற எண்ணமே இதன் வேர். குண்டு விரயமாகும் என்று கவலைப்பட்ட மகான்களுக்கு, ஆள் விரயமாவதைப் பற்றிக் கவலை தோன்றவில்லை. குண்டுக்குக் கஜானாவிலிருந்து பணம் கொடுக்க வேண்டும். ஆளுக்கோ அவன் பெற்றோர்களே கணக்குத் தீர்த்துக்கொள்ளுவார்கள் அல்லவா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கத்திய சர்க்காரின் ஆயுத இலாகாவுக்குத் தலைவராயிருந்த ரிப்ளி என்பவர், பின்பக்கத் துப்பாக்கிகளையும் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளையும் பெருவாரியாக வாங்குவதற்குக் கூடியவரை தடையாயிருந்தார். பல அளவுத் தோட்டாக்களை ஒரே சேனைக்கு அனுப்புவது கஷ்டம் என்று அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் வாய்வழித் துப்பாக்கியின் யோக்கியதை என்ன என்பதை 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களம் காட்டிற்று. சண்டை முடிந்தபின் அங்கே பொறுக்கப்பட்ட துப்பாக்கிகள் 27,574 என்று கணக்கிடப்பட்டது. அவைகளில் சுமார் 24,000 துப்பாக்கிகள் கெட்டித்தபடியே சுடப்படாமல் கிடந்தன. அப்படிக் கிடந்தவைகளில் ஏறக்குறைய பாதியில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தோட்டா! சுமார் 6,000-த்தில் மூன்று முதல் பத்து வரை! ஒரு துப்பாக்கியில் 23! அந்தக் கூச்சலிலும் புகையிலும், துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல், பழக்கின கிரமப்படி மேலும் மேலும் இடித்துக்கொண்டேயிருந்த அந்த ஏழைப் பிள்ளைகளின் நிலைமையை வாசகர்கள் மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத் துப்பாக்கியில் இது நடக்கவே முடியாது. உள்ளே தோட்டா இருந்தால் திறந்தவுடனே தெரிந்துவிடும். அதே வருஷம் ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கன் தாமே ஸ்பென்சர் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். செப்டம்பரில் ரிப்ளி அந்தப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்.

நிற்க, ஐரோப்பாவுக்கு வருவோம். நார்வே தேசம் 1842-லேயே பின்பக்கத் துப்பாக்கியை ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெர்மனியில் ஜெம்மெர்டா என்கின்ற ஊரில் ஒரு பூட்டுச்செய்கிறவருடைய மகனாய்ப் பிறந்த டிரைசே என்பவர், பாரீஸில் மேலே சொன்ன பாலியின் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, வருஷக்கணக்காய்ப் பாடுபட்டு, 1836-ல் ஊசித் துப்பாக்கியைப் பின்பக்கம் திறக்கும்படி செய்து முடித்தார். விசையை அழுத்தினால் நீண்ட ஊசி ஒன்று காகிதத் தோட்டாவைத் துளைத்துக்கொண்டு போய், குண்டின் அடியில் உள்ள வெடிப்பொட்டை இடிக்கும். கசிவு இதிலும் இருந்தது. ஊசியும் அடிக்கடி ஒடியும். ஆனாலும் பிரஷ்ய அரசாங்கம் 1840-ல் 60,000 துப்பாக்கிகளுக்கு உத்தரவு கொடுத்து, இரகசியம் வெளிப்படாதிருக்க அதற்கு வேறு சாதாரணப் பெயரையும் வைத்தது.

ஆனால் 1849-லேயே கலகங்களை அடக்க அதை வெளியே எடுத்தாகிவிட்டபடியால், அப்புறம் இரகசியம் என்ன? 1864-ல் டென்மார்க்கின்மேல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே படையெடுத்தன. அந்த வருஷம் ஜூலை 3-ந் தேதி லுண்ட்பி என்னுமிடத்தில், டேனிஷ் படையொன்று நெருக்கமாய் வரிசை கட்டி ஈட்டியோடு பாய்ந்தது. எதிரே அவர்களைவிடக் குறைவான பிரஷ்யர்கள் ஊசித் துப்பாக்கியோடு இருந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் டேனிஷ்காரரில் ஏறக்குறைய பாதிப்பேர் விழுந்தும் அகப்பட்டும் போயினர். பிரஷ்யர்களுக்குக் காயம் மூன்றே பேருக்கு.

இதை ஆஸ்திரியச் சேனாதிபதிகள் அறியவில்லையா? கூட்டாளிகளாகக் கூடவே இருந்தவர்களாயிற்றே! ஆனால் அவர்கள் பார்த்தது வேறு. 1859-ல் சோல்பெரினோவில் பிரெஞ்சுக்காரர்கள் ஈட்டியோடு பாய்ந்து தங்களை ஜெயித்துவிட்டார்கள். ஆகையால் பாய்ச்சலே பரம இரகசியம் என்று முடிவு செய்துகொண்டார்கள். டென்மார்க்கிலும் பிப்ரவரி மாதத்தில் ஓவர்சே என்னுமிடத்தில் தங்கள் பாய்ச்சல் பலித்ததைக் கண்டு, அந்த முடிவு சாஸ்திரமாகிவிட்டது. அங்கே எதிரியின் கையிலிருந்தது வாய்வழித் துப்பாக்கி என்பதைமட்டும் யாரும் யோசிக்கவில்லை. தனக்குப் பிடித்த சாட்சியை எடுத்துக்கொண்டு, பிடிக்காத சாட்சியைத் தள்ளிவிடுகிற புத்தி எங்கும் ஒன்றே.

1866-ல் கூட்டாளிகளே சண்டைக்காரர்களானார்கள். ஜூன் 27-ந் தேதி டிராவுட்டனவில் ஆஸ்திரியர்கள் ஜெயித்தார்கள். அந்த ஜெயத்தின் இலட்சணம் என்ன? ஜெயித்த ஆஸ்திரியர்களுக்கு 4,500-க்கு மேல் நஷ்டம்; தோற்ற பிரஷ்யர்களுக்குச் சுமார் 1,300. இப்படி இரண்டு ஜெயம் ஜெயித்தால் மூன்றாவது ஜெயத்துக்கு ஆள் ஏது? ஜூலை 3-ந் தேதி, இன்று செக் குடியரசில் சேர்ந்திருக்கிற கோனிக்கிராட்ஸில் இரு தரப்பிலும் இரண்டிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மோதினார்கள். ஸ்வீப் காட்டுக்குள் ஆஸ்திரியப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாய்ப் பாய்ந்து, மரங்களுக்குப் பின்னால் படுத்தும் முழங்காலிட்டும் சுட்ட பிரஷ்யர்களின் முன்னால் அழிந்தன. சாயங்காலத்துக்குள் ஆஸ்திரியாவுக்கும் அதன் துணையான சாக்ஸனிக்கும் சுமார் 44,000 பேர் நஷ்டம். அதில் பாதி கைதிகள். பிரஷ்யாவுக்குச் சுமார் 9,000.

துப்பாக்கி ஒன்றே ஜெயித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. மத்தியானத்தில் பிரஷ்ய இளவரசரின் சேனை பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது முக்கியமான காரணம். ரெயிலும், தளகர்த்தர்களின் திட்டமும் காரணங்களே. ஆஸ்திரியர்களின் பீரங்கிகள் மேலானவை. அவர்கள் துப்பாக்கியும் ஊசித் துப்பாக்கியைவிட அதிக தூரம் சுடக்கூடியது. அவர்கள் தைரியத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. தைரியத்துக்குக் குறைவில்லாமலேயே அவர்கள் செத்தார்கள் என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

இங்கே ஜோசியர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தது ஜூலை 3. லுண்ட்பி சண்டை ஜூலை 3. கோனிக்கிராட்ஸ் சண்டையும் ஜூலை 3. பஞ்சாங்கக்காரர் கையில் இது கிடைத்திருந்தால், அது மகா கெட்ட நாள், அன்று எந்தக் காரியமும் தொடங்கலாகாது என்று எழுதி வைத்திருப்பார். ஆனால் அதே நாள் டேனிஷ்காரருக்குக் கெட்ட நாள், பிரஷ்யருக்கு நல்ல நாள். ஆஸ்திரியருக்குக் கெட்ட நாள், மறுபடியும் பிரஷ்யருக்கு நல்ல நாள். நாள் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது கையிலிருந்ததும் தலையிலிருந்ததும்தான்.

சரி, கண்ணால் கண்டு ஜெயித்த பிரஷ்யர்களாவது புத்தி தெளிந்தார்களா? அதுவும் இல்லை. பிரெஞ்சு சர்க்கார் 1866-லேயே ஷாஸ்போ என்கின்ற துப்பாக்கியை ஒப்புக்கொண்டது. பின்பக்கச் சந்தை ரப்பர் வளையத்தால் அடைத்து, ஊசித் துப்பாக்கியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் சுடும் ஆயுதம் அது. 1870 ஆகஸ்டு 18-ந் தேதி சேன்ட் பிரிவா கிராமத்தின் எதிரில், பிரஷ்ய அரசரின் சொந்தக் காவற்படை, மேடான திறந்த வெளியில் நெருக்கமாய் அணிவகுத்து, அந்தத் துப்பாக்கிகளை நோக்கி நடத்தப்பட்டது. கொஞ்ச நேரத்துக்குள் சுமார் 8,000 பேர் விழுந்தார்கள். நான்கே வருஷத்துக்கு முன் ஆஸ்திரியன் செய்த தப்பிதத்தை, அதைக் கண்டு சிரித்தவனே செய்தான். நேற்றைய புதுமை இன்றைய வழக்கமாகி உட்கார்ந்துகொண்டு, நாளையப் புதுமையைத் தடுக்கிறது.

அந்த யுத்தத்தில் கடைசியில் பிரஷ்யாவைக் காப்பாற்றியவை, பின்பக்கம் திறக்கும் கிரப் எஃகு பீரங்கிகளும், ஆள்பலமும், திட்டமுமாகும். ஆனால் செப்டம்பரில் செடானில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பிடிபட்டவுடன், பிரஷ்ய அரசர் தம் மனைவிக்கு அடித்த தந்தியில், இவ்வளவும் கடவுளுடைய வழிகாட்டுதலால் ஆயிற்று என்று தெரிவித்தார். அப்படியானால் சேன்ட் பிரிவாவின் மேட்டில் வழிகாட்டியது யார் என்று கேட்கிறோம். ஜெயித்த கணக்கைக் கடவுள் பேரிலும், செத்த கணக்கைச் சிப்பாய் பேரிலும் எழுதுகிற இந்தக் கணக்குப்பிள்ளைத்தனம் எந்த நீதியைச் சேர்ந்தது?

இச்சரித்திரத்தில் நம் நாட்டுச் சம்பந்தமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 90 வருஷம் அசட்டை செய்யப்பட்ட விஷயம், இந்தியாவைப் பொறுத்தமட்டில் வேறு விதமாய் நடந்தது. 1857-ம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858-ல் தனியாய் ஒரு துப்பாக்கி தயாராயிற்று. பார்வைக்கு வெள்ளைச் சிப்பாயின் என்பீல்டு ரைபிளைப் போலவே இருக்கும். உள்ளே மட்டும் வரிப்பள்ளம் கிடையாது, வழுவழுப்பான குழல். வெள்ளைச் சிப்பாய்க்கு 1866 முதல் ஸ்னைடர் என்கின்ற பின்பக்கத் துப்பாக்கி வந்தது. இந்தியச் சிப்பாய் வாய்வழித் துப்பாக்கியையே இடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சிப்பாய்க்கு 1871-ல் ஒப்புக்கொள்ளப்பட்ட மார்ட்டினி ஹென்றி வந்த பிறகுதான், கழித்துப்போட்ட ஸ்னைடர் இவன் கைக்கு வந்தது. எப்போதும் ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இதிலிருந்து விளங்குவதென்ன? புது ஆயுதத்தின் பெருமை அதிகாரிகளுக்குப் புரியாமற் போயிற்று என்று இனிமேல் யாரும் சமாதானம் சொல்ல முடியாது. பிறத்தியானுக்குக் கொடுக்கக்கூடாது என்கிறபோது அதன் பெருமை நன்றாகவே புரிந்தது. தன்னுடைய ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறபோதுதான் செலவும், வழக்கமும், தைரியம் கெடுமே என்கின்ற கவலையும் வந்து சேர்ந்தன.

அந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர்களுடைய கதியையும் பார்க்கலாம். இங்கிலாந்தின் பழைய என்பீல்டுகளைப் பின்பக்கம் திறக்கும்படி மாற்ற வழி சொன்ன ஜேக்கப் ஸ்னைடர் என்கின்ற அமெரிக்கர், தம் பேர் கொண்ட துப்பாக்கியைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட அதே 1866-ம் வருஷத்தில், கடன்பட்டு வறுமையில் செத்தார். தடுத்தவர்களுக்கோ பென்ஷனுக்குக் குறைவில்லை.

ஆகவே, எந்த விஷயத்திலானாலும் "நெடுங்காலமாய் இப்படித்தான் நடந்து வருகிறது" என்று ஒருவர் சொன்னால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றேயாகும். இதற்கு மாறானதைச் சோதித்துப் பார்த்தீர்களா? சோதித்ததின் கணக்கு எங்கே? இந்த வழக்கம் தப்பாய்ப் போனால் நஷ்டப்படுவது நீங்களா, வேறொருவனா? பெர்குசன் முதல் கேள்விக்கு 1776-லேயே மழையில் நனைந்துகொண்டு பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு கெட்டிஸ்பர்க்கிலும் கோனிக்கிராட்ஸிலும் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குத்தான் எந்தச் சேனாதிபதியும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் குதிரைமேல் பின்னால் இருந்தார்கள். பதிலைத் தெரிந்துகொண்டவர்கள் ஸ்வீப் காட்டிலும் சேன்ட் பிரிவாவிலும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இவர்களில் யாரை வீரர் என்றும் யாரைக் குற்றவாளி என்றும் சரித்திரத்தில் எழுதுவது நியாயம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.